பன்னிக்குப் பொன்னாடை

“ஏத்துற வரைக்கும் அது ஊரான் பன்னி, ஏத்திட்டா…” என்று பெரியப்பா ஏதோ சொல்வார். ஏத்திட்டா உன் பிள்ளை என்றாரா, உன் பொறுப்பு என்றாரா, கணேசபாண்டியனுக்குச் சரியாக ஞாபகமில்லை. அவருக்குப் பிறகு மும்பை தாராவியிலிருந்து பன்றி லோடு அடிக்கும் அந்த டெம்போ இவன் கைக்கு வந்திருந்தது.

பன்றிகளை ஏற்றியதும் நாலு கோணிச் சாக்கை நனைத்து அவற்றின் முதுகில் போர்த்துவான். பன்றிக்கு வேர்க்காது. உச்சி வெயிலில் சயான் சிக்னலில் பத்து நிமிஷம் நின்றால் போதும், நுரை தள்ளிவிடும்.

“என்ன அண்ணாச்சி, பன்னிக்கெல்லாம் பொன்னாடையா?” என்பான் ஜம்பு. அவனும் டெம்போக்காரன்தான். “அப்படியே ஒரு மாலையும் போட்டுருவோமா?”

செம்பூரைத் தாண்டிப் பன்றிக் கொட்டகை போட்டிருந்த மாரீஸ்வரி மட்டும், அவன் சாக்கைப் பிழிவதைப் பார்த்துவிட்டு, உங்க மனசு யாருக்கு வரும் அண்ணாச்சி என்றாள்.

ஜம்புவின் வண்டியைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. மூலையெல்லாம் காய்ந்த கழிவு, போன மாத வைக்கோல். கணேசபாண்டியன் அப்படியில்லை. லோடை இறக்கிய கையோடு சோப்புத் தண்ணீர், அப்புறம் மருந்துத் தண்ணீர், டயர் வரைக்கும் தேய்த்து வெயிலில் காயவிட்டுத்தான் அடுத்த லோடுக்குக் கிளம்புவான்.

அந்த மாதம் மாரீஸ்வரியின் பன்றிகள் காது சிவந்து சுருண்டு விழ ஆரம்பித்தன. மூன்று செத்ததும் கால்நடை இலாகாவிலிருந்து வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். மனுஷருக்கு ஒட்டாது, பன்றிக்கு மருந்து கிடையாது. மீதிப் பதினெட்டையும் கொன்று, குழியில் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்கு இதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாலும் வண்டிகள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எந்த வண்டி?

சாயங்காலம் டீக்கடையில் தொழில்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தபோது முதலில் வாயைத் திறந்தவன் கணேசபாண்டியன்.

“இதுல கேக்க என்ன இருக்கு? ஜம்பு வண்டிக்குள்ள ஒருதரம் தலையை விட்டுப் பாருங்க.”

ஜம்புவுக்கு எப்போதும் வரும் சிரிப்பு வரவில்லை. “மாரீஸ்வரியக்கா கொட்டகைப் பக்கம் நான் போயே மூணு மாசமாச்சு அண்ணாச்சி.”

“உன் வண்டியில ஒட்டியிருக்கது எத்தனை மாசத்துதுன்னு உனக்கே தெரியுமாலே?”

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு ஜம்புவை லோடுக்குக் கூப்பிடுவது நின்றுபோனது. மூன்று வாரம் பார்த்தான். வண்டியை ஆண்டாப் ஹில்லில் யாருக்கோ கொடுக்கப்போகிறான் என்று காதில் விழுந்தபோது, “குடுக்கும்போதாவது கழுவுவானா?” என்றான் கணேசபாண்டியன்.

இனி வண்டியைக் காட்டிக் கையெழுத்து வாங்கினால்தான் லோடு என்று உத்தரவு வந்தது. பார்க்க வந்தவர் கால்நடை டாக்டர் பத்மஜா, மாட்டுங்காக்காரர். டார்ச் அடித்துப் பலகை இடுக்கெல்லாம் பார்த்தார். டிரைவர் சீட்டுக்கடியில் கிடந்த மிதியடியைக்கூடத் தூக்கிப் பார்த்தார். வண்டின்னா இப்படி இருக்கணும் என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தவர், கேபின் மேலே பார்த்தார். நாலு சாக்கு காய்ந்துகொண்டிருந்தது.

“அது எதுக்கு?”

கணேசபாண்டியன் வெயிலைச் சொன்னான், பெரியப்பாவைச் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் முகத்தில் ஒரு பெருமை.

“நல்ல காரியம்தான். துவைப்பேளா?”

“தெனம் தண்ணியிலதானே மேடம் முங்குது.”

“எந்தத் தண்ணியில?”

“ஏத்துற எடத்துலதான். எல்லாக் கொட்டகையிலயும் பன்னி குடிக்கத் தொட்டி வச்சிருப்பாங்கள்லா, அதுல ஒரு முக்கு…”

சொன்னது அவன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது.

மாரீஸ்வரியிடம் கடைசியாக ஏற்றியதற்கு முந்தின லோடு எங்கே என்று டாக்டர் கேட்டார். வசாய்ப் பக்கம் என்றான். அவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். அதே வாரம் அங்கே ஒன்பது செத்திருந்தன. அந்தப் பன்றிகளின் முதுகில் கிடந்த சாக்கைத்தான் மறுநாள் இவன் மாரீஸ்வரியின் தொட்டியில் முக்கியிருக்கிறான்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. “தெரியாமப் பண்ணினதுதான். முதல்ல இதையெல்லாம் எரிச்சுடுங்கோ. இனிமே ஒவ்வொரு லோடுக்கும் வேற சாக்கு, உங்க சொந்தத் தண்ணி. அறிக்கையில சாக்குன்னுதான் எழுதுவேன். ஆள் பேரெல்லாம் எழுதற வழக்கமில்லை.”

அதாவது, யாருக்கும் தெரியவேண்டியதில்லை.

சாக்குகளை எரித்துவிட்டு அவன் ஜம்புவின் வீட்டுக்குப் போனான். கதவு பூட்டியிருந்தது. சந்து முனையில் எப்போதும் நிற்கும் டெம்போவைக் காணோம். வாங்கின ஆள் காலையிலேயே வந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டான் என்றாள் பக்கத்து வீட்டு ஹபீபா.

“அதுக்கு முன்னாடி ஜம்பு அண்ணன் மூணு மணி நேரம் உக்காந்து வண்டியைக் கழுவுச்சு. விக்கிற வண்டிக்கு எதுக்கு இவ்வளவுன்னு கேட்டேன். டயரைத் தேச்சுக்கிட்டே இருந்துச்சு.”

கணேசபாண்டியன் அந்தக் காலி இடத்துக்குப் போய்ப் பார்த்தான். தரையில் சோப்பு நுரை காய்ந்த வெள்ளைத் தடம் இருந்தது.

பிறகு ஜம்புவுக்கும் மாரீஸ்வரிக்கும் போன் போட்டு, ஆறு மணிக்கு டீக்கடைக்கு வரச் சொன்னான். வழக்கமாக வருகிறவர்கள் எல்லோரும் வந்து உட்காரும்வரை காத்திருந்தான்.

“ஜம்பு வண்டி இல்ல,” என்றான். “அந்தத் தொட்டியில சாக்கை முக்குனது நான்.”