நான்காவது ஜோடி

"சீக்கிரம் சுருதி சேத்துக் குடு. இன்னும் ரெண்டே நிமிஷம்தான்" என்றான் அண்ணன், கண்ணாடியில் தலைமுடியைக் கோதிக்கொண்டே.

தங்கை கிதாரை மடியில் வைத்தாள். அது அவளுடைய கிதார். அவன் இப்போது மேடையில் வாசிக்கப்போகும் மெட்டும் அவள் போட்டதுதான். ஊரே முணுமுணுக்கிற மெட்டு. இசைத்தட்டின் உறையில் அவன் பெயர்.

ஏழு வருஷமாக அவன் பின்னால் அலைந்து கம்பி மாற்றுவதும் சுருதி சேர்ப்பதும்தான் அவள் பிழைப்பு. எங்கே விரல் வைப்பது என்று அவனுக்குத் தெரியும். அங்கே வைத்தால் ஏன் அந்த ஒலி வருகிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான்.

அடுத்த இசைத்தட்டிலாவது என் பெயரைப் போடு என்று நேற்று கேட்டேவிட்டாள். சுருதி சேர்க்கிறவளுக்கெல்லாம் பெயரா என்று பத்துப் பேர் முன்னால் சிரித்தான்.



தடித்த கம்பியைக் கிதார் கழுத்தின் ஐந்தாவது கட்டத்தில், ஐந்தாவது ஃப்ரெட்டில், அமுக்கி, அந்த ஒலிக்கு அடுத்த கம்பியைச் சேர்த்தாள். இப்படியே அடுத்தடுத்த கம்பிகளை ஜோடி ஜோடியாக. ஐந்து. ஐந்து. ஐந்து.

நான்காவது ஜோடியில் விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு ஒரு ஃப்ரெட் பின்னால் போய் நான்கில் அமுக்கினாள். கடைசி ஜோடிக்கு மறுபடி ஐந்து.

அவன் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

அரங்கு நிரம்பி வழிந்தது. நேரடி ஒளிபரப்பு வேறு.

முதல் மீட்டலிலேயே அபஸ்வரம். அதே இடத்தில் விரல்களை மறுபடி வைத்தான். அதே நாராசம். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

மேடை நிர்வாகி சுருதி காட்டும் கருவியோடு ஓடிப்போய் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தார். ஆறுக்கும் பச்சை விளக்கு.

"கிதார் கச்சிதமா இருக்கு சார். நீங்கதான்..."

மைக் அதையும் அரங்கு முழுக்கச் சொன்னது.

நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள் தங்கை, திரை ஓரத்தில் நின்று.

பதின்மூன்று வயதில், சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், எல்லா ஜோடிக்கும் ஐந்துதான் என்று நம்பி அவள் தப்பாகச் சுருதி சேர்த்த கிதாரில் பிறந்த மெட்டு அது. நான்காவது ஜோடிக்கு மட்டும் நான்கு என்று தெரிந்த பிறகும், மெட்டு கெடக் கூடாதென்று அந்தத் தப்பை அப்படியே விட்டுவைத்தாள். அண்ணனுக்கும் ஏழு வருஷமாகத் தப்பாகவே சேர்த்துக் கொடுத்தாள்; அவன் விரல்கள் பழகியிருந்ததும் அந்தத் தப்புக்குத்தான்.

இன்றைக்குத்தான் முதல் முறையாகச் சரியாகச் சேர்த்துக் கொடுத்திருந்தாள்.