பச்சைக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கோடு

கண்ணாடியில் தட்டிய பொலிஸ்காரி சைக்கிளில் வந்திருந்தாள்.

அன்புராசாவுக்கு அதுதான் முதல் அவமானம். சைரன் போட்டுத் துரத்திப் பிடித்தால் அதில் ஒரு மரியாதை இருக்கிறது. சைக்கிளை நடைபாதையில் சாய்த்துவிட்டு, ஆறுதலாக நடந்து வந்து பிடித்தால் என்ன இருக்கிறது?

கார் பச்சைப் பெட்டிக்கு மேல் நின்றது. சிவப்பு விளக்கு விழுந்தால் சைக்கிள்காரர் முன்னுக்கு வந்து நிற்பதற்கென்று ரோட்டில் அடித்துவிட்ட பச்சை. அதில் கார் நின்றால் தண்டம். சனிக்கிழமை காலை, அதற்கென்றே ஆள் போட்டிருந்தார்கள். பிடிபட்ட வான் ஒன்று ஏற்கெனவே ஓரத்தில் நின்றது. அதற்குப் பின்னால் ஒதுக்கச் சொன்னாள்.

ஒதுக்கினார்.

பக்கத்தில் மனைவி பேபி. அவள் மடியில் நண்டுக்கறிச் சட்டி. டவுன்டவுனில் இருக்கும் மகளுக்காக, நகரத்தின் மறு ஓரத்து மல்வேர்னில் இருந்து ஒரு சொட்டுச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வந்தவள்.

"கண் தெரியேல்லையே உங்களுக்கு? கிரிக்கெட் கிறவுண்ட் மாதிரிப் பச்சையாக் கிடக்கு."

கண் தெரிந்ததுதான் வினை. பச்சைக்கு முன்னால், கார்கள் நிற்கவேண்டிய இடத்தில், ஒரு வெள்ளைக் கோடு இருக்கவேண்டும். அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். இல்லை. இல்லையென்று பார்த்து முடிக்கையில் கார் பச்சையில் ஏறி நின்றது.

திங்கட்கிழமை அவர் கொம்பனியில் போமன் ஆகிறார், வேலையாட்களுக்கு மேலாள். இருபது வருடம் வெயிலிலும் குளிரிலும் முழங்காலில் நின்று வேலை செய்தவருக்கு, இனிமேல் நின்றபடி மற்றவர்களை ஏசுகிற வேலை. போமன் எப்படி நிற்பான் என்று, இடுப்பில் கை வைத்துக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பழகியும் பார்த்திருந்தார். கொம்பனி ட்ரக்கும் கையில் தருவார்கள். அதற்காக, ஓட்டின பதிவு சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள்.

"உது ரெக்கோர்ட்டில ஏறினா போமன் வேலை தருவாங்களே?" பேபி பின்னால் திரும்பி ரோட்டைப் பார்த்தாள். பிறகு இன்னொரு தரம் பார்த்தாள். "இஞ்சேருங்கோ. அங்க கோடே இல்லை."

"சும்மா இரும்."

சும்மா இருக்கிற ஆளா அவள். சட்டியைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு, போனோடு இறங்கிப் போய்விட்டாள்.

சட்டி சூடு. மூடி இறுக்கமில்லை. காற்சட்டை அன்றுதான் இஸ்திரி போட்டது. அன்புராசா மூச்சைக்கூட அளந்து விட்டார்.

அவளைக் குறை சொல்லவும் வாயில்லை. தண்டச் சீட்டு என்றால் சொந்தபந்தம் முழுக்க முதலில் கூப்பிடுவது அவரைத்தான். பிழையை மட்டும் ஒத்துக்கொள்ளாதே, உடனே படம் எடு, வழக்காடு என்று ஊருக்கெல்லாம் படிப்பித்தவர். மூன்று நிமிடம் பிந்தினதற்கு வந்த பார்க்கிங் சீட்டு ஒன்றுக்காக, ஒரு நாள் சம்பளத்தை விட்டு நீதிமன்றத்தில் குந்தியிருந்து வென்ற வீரர். பேபி அவரிடம் படித்த பிள்ளை. ரோட்டோரம் குனிந்து, கோடில்லாத இடத்தை நாலு பக்கத்தாலும் படம் எடுத்தாள்.

முன்னால் நின்ற வானில் இருந்து ஓர் இளந்தாரி இறங்கி வந்தான். தமிழ்ச் சத்தம் கேட்டிருக்கவேண்டும். கிளிபோட் என்று பேர் சொன்னான். பொலிஸ்காரி கொடுத்த சீட்டு அவன் கையில் இருந்தது.

"அன்ரி, உந்தப் படங்களை எனக்கும் அனுப்புங்கோ. கோடில்லாட்டி கேஸ் நிக்காது. கோடு போட்டாச்செண்டு எவன் கையெழுத்து வைச்சவன் எண்டு சிற்றி ஒவ்பீசில கேட்டு எடுப்பம்."

"எடு மோனை. ஆளை விடக்கூடாது."

போனில் இருந்து போனுக்குப் படம் போன சத்தம், மூடின கண்ணாடிக்குள்ளும் அன்புராசாவுக்குக் கேட்டது போல இருந்தது.

பொலிஸ்காரி அவர் பக்கக் கண்ணாடிக்கு வந்தாள்; அவர் அதை இறக்கினார். எதிர்த்து வழக்காடுவதென்றால் எப்படி என்று ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினாள். நண்டு மணம் அவளை ஒரு வசனம் பிந்த வைத்தது.

வேண்டாம், பிழை என்னுடையதுதான், எழுதுங்கோ என்றார் அன்புராசா.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காலையில் இருந்து இப்படிச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்றாள். அவர் நன்றி சொன்னார். சீட்டை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார், கோயிலில் திருநீறு வாங்கினவர் போல.

பேபி வந்து ஏறினாள். சட்டியை வாங்கிக்கொண்டாள். முகத்தில் வென்ற களை.

"இருபது வருசமா ரோட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறியள். உந்தப் பச்சையும் உங்கட கொம்பனி அடிச்சதுதானே? கோடு போடாமப் போன விசரன் ஆரெண்டு உங்களுக்குத் தெரியாமல் இராது. திங்கக்கிழமை போமனாப் போய் முதல் வேலையா அவனை வீட்டை அனுப்புங்கோ."

போன ஒக்டோபர், பழைய போமன் வேலைக்கு வராத ஒரு நாள். வெள்ளிக்கிழமை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. பச்சை காய்ந்ததோடு, கோட்டை நாளைக்குப் பார்ப்பம் என்று சாமானை ட்ரக்கில் ஏற்றச் சொன்னது அன்புராசா. எல்லாம் முடிந்தது என்று தாளில் கையெழுத்து வைத்ததும் அன்புராசா. நாளைக்கு வேறு சந்தி, நாளையின்றைக்கு வேறு சந்தி.

அவர் கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, சைக்கிள் ஒன்று வருகிறதா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக் காரை எடுத்தார்.

"தெரியும், பேபி," என்றார். "விசரன்தான். ஆனா அவனை வீட்டை அனுப்பினா, நீர்தான் சோறு போடவேணும்."