பச்சை எரிந்த ஹெல்மெட்

மனம் கலங்கியவர்களை மேலே ஏற்றக் கூடாது என்பது கட்டடத்தில் விதி. மனநிலையை அளக்கும் ஹெல்மெட்டில் சிவப்பு எரிந்தால் லிஃப்ட் நகராது. கொத்தனார் இருளப்பனுக்கு ஒரு மாதமாகச் சிவப்புதான். தரைத்தளத்திலேயே சுவர் கட்டிக்கொண்டிருந்தார். இன்று காலை பச்சை எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

லிஃப்டில் ஏறும்போது, சாந்து பூசும் தன் கரணையைச் சித்தாள் ராக்கம்மாவிடம் கொடுத்தார். "நீயே வச்சுக்க தாயி."

லிஃப்ட் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பதினோரு வருடமாக அந்தக் கரணையை அவர் யாரையும் தொடவிட்டதில்லை. அது இல்லாமல் மேலே என்ன வேலை?

அடுத்த லிஃப்டுக்குள் ஓடினாள். அது நகரவில்லை. "நீங்கள் பதற்றமாக இருக்கிறீர்கள். ஓய்வெடுங்கள்" என்றது. ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டுப் படியேறினாள்.

ஒன்பதாம் மாடியில், சுவர் எழும்பாத ஓரத்தில் அவர் நின்றிருந்தார். பச்சை ஆடாமல் எரிந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணே, கீழ நீங்க கட்டின சுவரு அரை இஞ்சு சாஞ்சிருக்காம்."

அவர் திரும்பினார். "எவன் சொன்னான்?"

ராக்கம்மா கரணையை நீட்டினாள். அதை வாங்க ஓரத்தைவிட்டு நடந்து வந்தவரின் தலையில் சிவப்பு எரிந்தது.