சின்னம் போட்ட தட்டு

கால்சா என்ற பழைய நகர்ப்பகுதியில், தான் வேலை செய்யும் மாளிகையின் குளியலறைக்குள் நின்று, செல்வமலர் கணவருக்குப் போன் எடுத்தாள்.

"எங்கட முதலாளியம்மா சிஞ்ஞோராவின்ர குடும்பச் சின்னம் போட்ட தட்டொண்டை உடைச்சுப்போட்டன். அந்தக் காலத்திலை சின்னத்தை வரைஞ்சு சீனாவுக்கு அனுப்பிச் செய்விச்சதாம். இண்டைக்கெண்டு அவவும் அவவின்ர தம்பியும் சொத்துப் பிரிக்க வந்திருக்கினம்."

"ஒளிக்காமல் சொல்லிப்போடு."

"வேலை போனால் இஞ்சை தங்கிற பெர்மெசோ புதுப்பிக்க ஏலாது."

"வேறை வேலை பாப்பம். போய்ச் சொல்லு."

உடைந்த துண்டுகளை ஏந்திக்கொண்டு கூடத்துக்குள் போனாள். அக்காவும் தம்பியும் முகம் பாராமல் அமர்ந்திருந்தார்கள். நடுவில் வழக்கறிஞர்.

"துடைக்கேக்கை கை நழுவிட்டுது, சிஞ்ஞோரா."

தம்பி எழுந்து வந்து துண்டுகளைப் பார்த்தார். சிஞ்ஞோராவின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்றுதான் செல்வமலர் நினைத்தாள். அவரோ சிரித்துவிட்டார். தம்பியும் சிரித்தார்.

திகைத்து நின்றவளிடம் வழக்கறிஞர் சொன்னார்: "மொத்தம் இருபத்தைஞ்சு தட்டு. ஆளுக்குப் பன்னிரண்டு போக, மிச்ச ஒண்டு ஆருக்கு எண்டுதான் இவை மூண்டு வருசமா வழக்காடினவை."

செல்வமலர் துண்டுகளைக் குவித்துப் பிடித்தாள்.

"அப்ப இதை எறியட்டோ?"

"எறியும்," என்றார்கள் அக்காவும் தம்பியும், ஒரே குரலில்.