காரைக்காலுக்கு ஒரு பந்தயம்

“டிஸ்க்க நம்பறது, மாட்டு வண்டியில ஏறி பஸ்ஸ தொரத்தற மாதிரி. மெமரியில போட்டுப் பாரு சுடர், பறக்கும்!” என்றான் அய்மான்.

“பறக்கட்டும்ண்ணா. ரெண்டும் ஒரே நேரத்துக்குத்தான் போய்ச் சேரும்” என்றாள் சுடர்விழி.

தட்டாஞ்சாவடியில் ஒரு பெயிண்ட் குடோனின் மாடியில் இருந்தது அந்தச் சின்ன மென்பொருள் கம்பெனி. எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாகக் கட்டும் வேலைக்கு கம்பைல் என்று பெயர். அதை டிஸ்க்கில் வைத்துச் செய்வதைவிட, மெமரியில் வைத்துச் செய்தால் சீக்கிரம் முடியுமா? ஒரு வாரமாக இருவருக்கும் இதே வாய்ச்சண்டை. இன்று அதில் காரைக்காலும் வந்து சேர்ந்தது.

அங்கே ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆடி மாதம் முழுக்கத் தங்கி வேலை பார்க்க ஓர் ஆள் வேண்டும். “நான் சொன்னா ஒருத்தர் மூஞ்சி தொங்கும். நீங்களே பேசி முடிங்க” என்று கழன்றுகொண்டார் முதலாளி ராஜாங்கம்.

“என் பொண்டாட்டி ஹிபாவுக்கு நாள் நெருங்கிடுச்சும்மா” என்றான் அய்மான். “ புள்ள பொறக்கற நேரத்துல நான் காரைக்கால்ல மீன் எண்ணிட்டு இருக்கவா?”

“எனக்கு மட்டும் என்னவாம்? வைகாசியிலதான் கல்யாணம் ஆச்சு. ஆடியில புதுப்பொண்ணும் மாப்பிள்ளையும் ஒண்ணா இருக்கக் கூடாதுன்னு அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. வீராம்பட்டினம் தேருக்குப் போகவே ஆயிரம் கேள்வி. சார் வேற எங்க அப்பாவுக்கு சிநேகிதரு. நான் தும்மினாலும் வீட்டுக்கு சேதி போயிடும்.”

“அப்போ பந்தயம். மெமரி முந்துச்சுன்னா நீ போற. இல்லன்னா நான்.”

“சரிண்ணா” என்றாள் அவள், பெருமூச்சு விட்டபடி.

யார் முதலில் ஓட்டுவது? காசு சுண்டினார்கள். ஜெயித்தவள் அவள்தான். “நான் மொதல்ல” என்றாள். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டாள். “புதுசா ஆரம்பிக்கட்டும். அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது பாருங்க.”

டிஸ்க் கரகரவென்று முனகியது. இருவரும் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தும் பாதிதான் ஆகியிருந்தது. ஒருவழியாக முடிந்ததும் அய்மான் எல்லாவற்றையும் மெமரியில் ஏற்றி ஓட்டினான். இன்னொரு டீக்குப் போகலாமா என்று கேட்பதற்குள் முடிந்துவிட்டது.

“பாத்தியா! பாத்தியா!” அவன் நாற்காலியோடு சுழன்றான். உடனே ஹிபாவுக்குப் போன் போட்டான். “நான் எங்கயும் போகல. நீ நிம்மதியாப் படு.”

சுடர்விழி தலையைத் தொங்கப் போட்டபடி ராஜாங்கத்திடம் போய்ச் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அய்மானுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

வெற்றியை இன்னொரு தரம் ருசிக்கலாமே என்று டிஸ்க்கையே மறுபடி ஓட்டினான். அது மெமரிக்குச் சமமாக, அதே வேகத்தில் முடிந்தது. சிரிப்பு போய்விட்டது.

இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தான்; அதே வேகம். ஹிபாவின் முகம் நினைவுக்கு வந்தது. சுடர்விழியின் தொங்கிய தலையும் வந்தது. எழுந்து படிக்கட்டில் தடதடவென்று இறங்கினான்.

“சுடர், நில்லு! பந்தயம் செல்லாது!”

ஸ்கூட்டரை எடுக்கப்போனவள் திரும்பினாள்.

“நீ அணைச்சுப் போட்டதுல மெமரி காலியா இருந்துச்சு. மொத ஓட்டத்துல டிஸ்க்குல படிச்சதயெல்லாம் கம்ப்யூட்டரே மெமரியில வச்சுக்குது. அதனால ரெண்டாவதா யாரு ஓட்டினாலும் ஜெயிப்பாங்க. நீ சொன்னதுதாம்மா சரி. ஹிபாகிட்ட நான் பேசிக்கறேன். காரைக்காலுக்கு நானே போறேன்.”

அவள் முகம் வெளிறியது. “ஐயையோ, கெடுத்துடாதீங்கண்ணா! எவ்ளோ கஷ்டப்பட்டுத் தோத்திருக்கேன் தெரியுமா?”

“என்னது?”

அவள் கையில் போன் அடித்தது. பதற்றத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

“என்ன சுடர், தோத்துட்டியா இல்லியா?” என்றது அவள் கணவன் வெற்றிச்செல்வனின் குரல். “எனக்குக் காரைக்காலுக்கு மாத்தல் ஆர்டர் வந்துடுச்சு, வீடும் பாத்துட்டேன்!”