முடிவைச் சொல்லும் ராமாமணி

"ராமாமணியக்காவை வட்டத்துல இருந்து எடுத்துப்போடலாமுங்க. வேற வழியில்லை" என்றேன்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. பேசவேண்டிய அக்காவும் அன்றைக்கு இல்லை. அன்னூரில் ஏதோ கல்யாணம்.

எங்கள் வாசிப்பு வட்டம் சிங்காநல்லூரில் ஒரு கிரைண்டர் கடை மாடியில் நடக்கிறது. மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் கூடுவோம். சமீபத்தில் படித்த சரித்திர நாவலில் நல்லதாக ஒன்றை ஒவ்வொருவரும் சிபாரிசு செய்யவேண்டும். ஆளுக்குப் பத்து நிமிஷம், நடுவில் டீயும் தேங்காய் பன்னும்.

விதி ஒன்றே ஒன்றுதான். முடிவைச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அப்புறம் எவன் படிப்பான்?

விதியை எழுதினவன் நான். வட்டத்தின் செயலாளர், பேர் ஜெப்ரி.

ராமாமணியக்காவுக்குத் தையல்கடை. மற்றபடி தங்கமான மனுஷி. ஆனால் ஒரு நாவலைச் சிபாரிசு செய்ய ஆரம்பித்தால் ராஜா எப்படிச் செத்தார், எந்தக் கத்தி, அந்தக் கத்தியைக் கொடுத்தது யார், எல்லாம் வந்துவிடும்.

'கணவாய்க் காவல்' என்று ஒரு நாவல். மூன்று பாகம், ஆயிரத்து நானூறு பக்கம். நான் தொள்ளாயிரத்தில் இருந்தேன்.

"கடைசியில பாத்தா அந்தத் தளபதியே துரோகிங்க" என்றார் அக்கா.

எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"ஏனுங்கக்கா, முடிவைச் சொல்லாம இருக்கவே முடியாதுங்களா?"

"இனிமே சொல்லலீங்க தம்பி."

அடுத்த மாசம் மறுபடி ஒரு ராணியை எங்கள் கண்ணெதிரே தீயில் இறக்கினார்.

இதற்குத் தூபம் போடுவது வேங்கடசாமி ஐயா. வயசு எழுபத்தாறு. மில் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். அக்கா தப்பித்தவறி பாதியில் நிறுத்தினால்கூட விடமாட்டார்.

"அப்புறம் என்னாச்சு அம்மணி?"

புத்தகத்தையும் அக்காவிடம் கேட்டு வாங்கிப் போவார். அடுத்த மாசம், "நானும் படிச்சுப்போட்டேனுங்க" என்று ஆரம்பித்து, அக்கா சொன்ன அதே கதையை ஒரு இடம் விடாமல் சொல்வார். அந்த வயசில் அப்படி ஒரு ஞாபகசக்தி! நமக்கெல்லாம் வராது.

"எடுக்கறதுன்னா எழுத்துல இருக்கட்டுங்க" என்றாள் எங்களில் ஒருத்தியான கெசியா. எழுதினேன். 'வட்டத்தின் விதியைத் தொடர்ந்து மீறுவதால்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம். கெசியா ரெண்டு தடவை படித்து, ஒரு கமாவைச் சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மாசாணம் பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து போட்டார். மற்றவர்களும் போட்டார்கள்.

வேங்கடசாமி ஐயா ஒரு மணி நேரம் கழித்து, வேர்த்து விறுவிறுத்து மாடியேறி வந்தார்.

"பஸ் மாறி ஏறிட்டேனுங்க. சூலூர் போயித் திரும்பி வாரேன்."

அவர் அக்கா கட்சி. வாயால் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. காகிதத்தை நீட்டினேன்.

"நம்ம வட்டத்துத் தீர்மானமுங்க ஐயா. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

வாங்கினார். நிதானமாகப் பிடித்துக்கொண்டு ரெண்டு நிமிஷம் இருந்தார். தலையை ஆட்டினார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க தம்பி."

போட்டுவிட்டார். நான் எழுதின கடைசி ரெண்டு வரி மேலேயே போட்டுவிட்டார். அவ்வளவு ஆர்வமா என்று எனக்கே ஆச்சரியம். அவரே போட்டுவிட்டால் அப்புறம் என்ன? நியாயம் நம்ம பக்கம்தான்.

மறுநாள் அக்காவின் கடைக்குப் போனேன். மெஷினை நிறுத்திவிட்டுக் காகிதத்தை வாங்கிப் படித்தார்.

"தப்புதானுங்க தம்பி. பல தடவை சொல்லிப் பாத்தீங்க" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசியில் நின்றார்.

"ஐயாவுமா?"

குரல் உடைந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சின்னதாக ஒரு திருப்தி. பொய் சொல்வானேன்?

"ஆமாங்கக்கா. படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டாரு. நல்லா எழுதியிருக்கேன்னு பாராட்டினாரு."

அக்கா அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வரி மேல் ஏறி உட்கார்ந்திருந்த கையெழுத்து.

"அவரு படிச்சிருக்க மாட்டாருங்க தம்பி" என்றார். "ஒரு வருசமாவே கண்ணு போயிருச்சு. எழுத்து ஒண்ணும் தெரியறதில்லை. பஸ் நம்பர்கூட நாந்தான் பாத்துச் சொல்லோணும். தெரிஞ்சா வட்டத்துல சேத்துக்க மாட்டாங்கன்னு அவருக்குப் பயம் போலிருக்குது. என்கிட்டயும் சொன்னதில்லை. நானும் கேட்டுக்கறதில்லை."

வரி மேல் ஏறியிருந்த அந்தக் கையெழுத்தை நானும் மறுபடி பார்த்தேன்.

"நீங்கெல்லாம் பாதியில நிறுத்தினா, ஊட்டுக்குப் போயி மீதியைப் படிச்சுக்குவீங்க. அவரு எங்க போவாரு?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காகிதத்தைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன். அக்கா கொடுக்கவில்லை. நாலாக மடித்து மெஷின் டிராயருக்குள் வைத்து மூடினார்.

"நான் நின்னுக்கறேனுங்க, அது பரவாயில்லை. ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யுங்க தம்பி."

"சொல்லுங்கக்கா."

"இதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு அவருக்கு யாரும் படிச்சுக் காட்டிராதீங்க."