மூன்றாம் மாடியில் நிற்கும் லிஃப்ட்

அந்தக் குடியிருப்பின் லிஃப்ட் தினமும் காலையில் மூன்றாம் மாடியில் தானாக நின்று கதவைத் திறந்தது. வெளியே யாரும் இருப்பதில்லை. மெக்கானிக் தஸ்தகீர் பொத்தானை மாற்றினார், ஒயரை மாற்றினார். அப்படியும் நின்றது.

“என்ன பாய், எங்க லிஃப்டுல பேய் ஏறுதா?” என்றார் சங்கச் செயலாளர் கோமதி. “இன்னொரு தடவை நின்னுச்சுன்னா வேற ஆளக் கூப்பிட்டுருவேன்.”

மறுநாள் தஸ்தகீர் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தார். தேய்த்த சட்டையும் தோல் பையுமாக ஒருவர் அந்த மாடி வீட்டிலிருந்து வந்து பொத்தானை அழுத்தினார். லிஃப்டுக்குள் பேச்சுச் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் ஒதுங்கிக்கொண்டார். அது போனபின் மறுபடி அழுத்தினார். இந்த முறை காலியாக வந்தது. வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். கதவு மூட வந்தது. காலை இழுத்துக்கொண்டு பையோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

“என்ன கோளாறு பாய்?” என்று கேட்டார் கோமதி.

“கதவு கொஞ்சம் அவசரப்படுது மேடம். சரிபண்ணிட்டேன்.”

வேலையில்லாதபோது போய் நிற்பதற்கென்று எந்த லிஃப்டுக்கும் ஒரு மாடி உண்டு. பெரும்பாலும் அது தரைத்தளம். தஸ்தகீர் அதை மூன்றாம் மாடியாக மாற்றியிருந்தார். இனி அந்தத் தோல் பைக்காரர் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. யாரும் கூப்பிடாத நேரமெல்லாம் லிஃப்ட் அங்கேயே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறது.